ராட்சசனின் வெளுத்த தலை

இடுப்போடு நின்றுபோன ராட்சசனைச் சுற்றி ஒரு வட்டம் நடந்து பார்த்துவிட்டுப் பட்டாசு சொன்னாள்:

"சார், வெறும் காலு மட்டும்தான் இருக்கு. இவனை வேலைக்கு வச்சா சாப்பாட்டுச் செலவு மிச்சம்."

நிதானம் சிரிக்கவில்லை. வீடு பற்றி எரிந்தாலும் செருப்பை வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே ஓடுவார் என்று பெயர் வாங்கிய மனிதர். துப்பறிகிறவருக்கு நிதானம் என்ற பட்டம் வந்ததே அதனால்தான். அவருடைய உதவியாளுக்குப் பட்டாசு என்ற பெயர் ஏன் வந்தது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. அவள் எதிரில் ஒரு நிமிஷம் நின்றால் கேட்க வேண்டிய அவசியமே இருக்காது.

ஆனால் அன்றைக்கு அவள் நக்கலிலும் கொஞ்சம் சுருதி இறங்கித்தான் இருந்தது. படிக்கட்டின் அடியில், எத்தனை முறை கழுவியும் போகாத ஒரு கறையைத் தாண்டித்தான் இருவரும் மேலே ஏறி வந்திருந்தார்கள்.

அது ஒரு விளையாட்டு மன்றத்தின் மாடி. விளையாட்டு என்றால் பந்தும் மட்டையும் இல்லை. அகலமான மேசைகளின் மேல் அட்டையில் இடிந்த நகரங்களைக் கட்டி, கட்டைவிரல் உயரப் படைவீரர்களை அணிவகுத்து, பகடை உருட்டிச் சண்டை போடுகிறவர்கள் கூடும் இடம். எல்லாம் வரப்போகிற காலத்துப் போர், வேற்றுக் கிரகத்துப் படை. அந்தப் பொடிசுகளுக்கு நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஓர் இயந்திர ராட்சசன் வந்து நின்றால் எப்படி இருக்கும்? அப்படி ஒன்றைத்தான் இரண்டு சிநேகிதர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தார்கள். ஒருவன் கட்டுகிறவன். விரல் நுனியில் எப்போதும் பசை காய்ந்து கிடப்பதால் மன்றத்தில் அவன் பெயரே பசை. மற்றவன் வண்ணம் தீட்டுகிறவன், அவன் பெயர் பிரஷ். கட்டுகிற வேலையில் பிரஷ் கை வைக்க மாட்டான், வண்ணத்தின் பக்கம் பசை எட்டிப் பார்க்க மாட்டான்.

இப்போது பசை ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான். பிரஷ் லாக்கப்பில் உட்கார்ந்துகொண்டு, கேட்கிறவரிடமெல்லாம் "நான்தான் தள்ளிவிட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். பசை கண் திறக்காமலே போய்விட்டால் அது கொலை வழக்கு. பிரஷ்ஷின் மனைவி காலையில் நிதானத்தின் அலுவலகத்துக்கு வந்து, காலில் விழாத குறையாக அழுதுவிட்டுப் போயிருந்தாள்.

"இன்ஸ்பெக்டர் கதை என்னன்னா," என்று பட்டாசு விரலை மடக்கினாள், "மறுநாள் கண்காட்சி. முந்தின சாயங்காலம் ரெண்டு பேருக்கும் சண்டை. பிரஷ் கோவத்துல ராட்சசனோட மேல்பாதியைப் பிய்ச்சுக் கீழ வீசினான், தலையைப் பிடுங்கி எங்கேயோ எறிஞ்சான், அப்புறம் சிநேகிதனையும் உருட்டிவிட்டான். காலு மட்டும் மேசை மேல அலுங்காம நிக்குது பாருங்க, அதான் சாட்சியாம்."

"நீ என்ன சொல்ற?"

"மாசக்கணக்கா பூசினவன் கையாலயே உடைப்பானா? அவரு மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடறாரு. அதுவும் மொட்டைத் தலையே காணோம்."

மேசை படிக்கட்டை ஒட்டினாற்போல், மாடியின் விளிம்பிலேயே இருந்தது. வருகிறவர்கள் ஏறும்போதே ராட்சசனைப் பார்க்க வேண்டும் என்று அங்கே போட்டிருக்கிறார்கள். நிதானம் அந்த விளிம்பையும் கீழே போகிற படிகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போலீஸ்காரர்கள் படமெடுத்துவிட்டு, பொம்மைதானே என்று மூலையில் விட்டுப் போயிருந்த மேல்பாதியைத் தூக்கினார். நெஞ்சுக் கவசம் விண்டிருந்தது. தோள் பெயர்ந்திருந்தது. ஆனால் வண்ணம்! துருப்பிடித்த இரும்பு, குண்டு உரசிய தழும்பு, எண்ணெய் ஒழுகிய தடம் என்று ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தால்தான் வெறும் பூச்சு என்று தெரிந்தது.

வாட்ச்மேன் பக்கத்தில் வந்து நின்றார். வயதான, நல்ல மனதுக்காரர்.

"கை தனியா கழண்டு வரும் சார். எல்லாம் காந்தம். பசை அப்படித்தான் பண்ணுவான், தூக்கிட்டுப் போக வசதியா."

நிதானம் மேசையில் கிடந்த பீரங்கிக் கையை எடுத்துத் தோளருகே கொண்டு போனார். டக். தானாகவே இழுத்து ஒட்டிக்கொண்டது. கழற்றிப் பார்த்தார். காந்தத்தின் வெளிமுகத்தில் மிளகளவு சிவப்புப் புள்ளி. மற்றக் கையிலும் அதே டக், அதே சிவப்புப் புள்ளி. கழுத்துக் குழியில் மட்டும் காந்தம் தெரியவில்லை. அதன் மேல் வண்ணம் படாமல் இருக்க ஒட்டிய காகித டேப் இன்னும் உரிக்கப்படாமல் இருந்தது.

"பட்டாசு, இதைப் பாரு. தலையைப் பிடுங்கி எறிஞ்சானாம்."

"டேப்பே உரிக்கல. அப்ப தலை இங்க வரவே இல்ல சார்!"

"அதேதான்."

அவர் முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பினார். உடைந்த மேல்பாதியைக் கால்களுக்கு மேல் கொண்டு போய் என்னவோ செய்தார். பட்டாசு இன்னொரு டக்குக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். சத்தமே வரவில்லை. அவர் மேல்பாதியைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டார்.

"என்ன சார் பண்ணீங்க?"

"சத்தம் வருதான்னு பார்த்தேன்."

"வரலையே?"

"அதான்." அதற்கு மேல் அவர் வாயிலிருந்து பிடுங்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். வாட்ச்மேன் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு நீங்க என்ன பார்த்தீங்க?"

"நல்ல மழை சார். அன்னிக்கு ஒரு சாயங்காலம்தானே கொட்டித் தீர்த்துச்சு, அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் வெயில்தான். நான் பின்பக்கம் ஜன்னல் மூடிட்டு இருந்தேன். பசைகிட்ட ஒரு சாவி உண்டு, எப்ப வந்தான்னே தெரியாது. தடதடன்னு ஒரு சத்தம். இடின்னு நெனச்சுட்டேன், பாவி நான்! கடைசியா வந்து பார்க்கறேன், பிரஷ் அவன் தலையை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான். தொப்பல் தொப்பலா நனைஞ்சிருந்தான்."

"அப்புறம்?"

"மயக்கம் தெளிய வைக்கலாம்னு, தண்ணி பாட்டில் இருக்கான்னு பிரஷ் பையைத் திறந்தேன். பாட்டில் இல்ல. பூப்போட்ட மடக்குக் குடை ஒண்ணு இருந்துச்சு. அதுவும் ஈரமா. நான் திறந்ததும் வெடுக்குன்னு பையைப் பிடுங்கிக்கிட்டான்."

நிதானம் கண்ணை மூடிக்கொண்டார். "பட்டாசு, பையில குடை இருக்கறவன் எதுக்கு நனையணும்?"

"ரெண்டு காரணம் உண்டு சார். ஒண்ணு காதல், இன்னொண்ணு கிறுக்கு."

"மூணாவது ஒண்ணு இருக்கு. யோசிச்சுக்கிட்டே வா. தலை எங்க இருக்குன்னு பார்த்துட்டு வந்துடலாம்."

*

பிரஷ்ஷின் வீடு ஊரின் இன்னொரு கோடியில், ஓர் அடுக்கு மாடியின் உச்சியில் இருந்தது. கதவைத் திறந்த மனைவியின் முகம் அழுது அழுது வீங்கியிருந்தது. மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். கடைக்கும் போகவில்லை, சமைக்கவும் இல்லை என்பது வீட்டைப் பார்த்ததும் தெரிந்தது. கதவுக்குப் பின்னால் குடை மாட்டுகிற கொக்கி இரண்டு இருந்தன. ஒன்றில் கறுப்புக் குடை தொங்கியது. மற்றது காலி.

"அவரு பண்ணியிருக்க மாட்டாரு சார்," என்றாள், அவர்கள் உட்காருவதற்கு முன்பே. "கொசு அடிச்சாலே கைகழுவிட்டு வர்ற மனுஷன். அன்னிக்கு சாயங்காலம் பூரா வீட்லதான் இருந்தாரு. வேலையை முடிச்சுட்டு அப்புறம்தான் கிளம்பிப் போனாரு."

"குடை எடுக்காமலா?"

அவள் கறுப்புக் குடையைப் பார்த்தாள். "அவசரத்துல மறந்திருப்பாரு," என்றாள். குரல் பாதியில் இறங்கிவிட்டது.

வேலை செய்கிற அறை என்று தனியாக எதுவும் இல்லை. பால்கனிக் கதவோரம் ஒரு மேசை. அதன் மேல் எறும்புக் கால் போன்ற நுனியுள்ள பிரஷ்கள், சோப்புப் போட்டுக் கழுவிக் கூர்மை பிடித்து வரிசையாக நின்றன. சின்னச் சின்ன வண்ணப் புட்டிகள், துரு ஒற்றி எடுக்கிற பஞ்சுத் துண்டுகள், வார்னிஷ் ஸ்பிரே டப்பா. மேசை விளக்கின் விளிம்பில் காகித டேப்பை வெட்டி வெட்டி ஒட்டியிருந்தது. ஒன்று சாய்சதுரம், இரண்டு முக்கோணம், ஒன்று பிறை போல. ஒவ்வொன்றும் விரல்நகம் அளவு. நிதானம் அவற்றையே வெகுநேரம் பார்த்தார்.

"ராட்சசனோட தலை எங்கம்மா?"

"மன்றத்து ஹால்ல இருக்கும் சார்."

"அங்க இல்லையே."

"அப்ப… எனக்குத் தெரியாது." அவள் துப்பட்டாவின் நுனியைச் சுருட்டத் தொடங்கினாள்.

பட்டாசுக்குத் தொண்டை வறண்டது. உண்மையிலேயே தண்ணீர் குடிக்கத்தான் சமையலறைக்குப் போனாள், அந்த மட்டில் அவளைச் சந்தேகிக்க வேண்டாம். ஆனால் கண் இருக்கிறதே, அது சும்மா இருக்குமா? அலமாரி உச்சியில் ஒரு பெரிய பாத்திரம் கவிழ்ந்து கிடந்தது. மற்ற எல்லாப் பாத்திரமும் அதனதன் மூடியோடு நிமிர்ந்து நிற்க, இது மட்டும் எதன் மேலோ குந்தியிருந்தது. நாற்காலி போட்டு ஏறினாள்.

"சார்! பானைக்குள்ள ஒருத்தர் ஒளிஞ்சுக்கிட்டு இருக்காரு!"

பிரஷ்ஷின் மனைவி முகத்தை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டாள்.

பட்டாசு அதை மேசைக்குக் கொண்டு வந்தாள். இரண்டு முஷ்டி அளவுள்ள தலை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி ஜன்னல்கள். உள்ளே இருக்கையில் ஓட்டுநர் ஒருவன், கடுகளவு முகம். ஆனால் எல்லாவற்றின் மேலும் வெள்ளையாக ஒரு படலம். சாம்பல் கொட்டி ஊதினாற்போல் வெளுத்திருந்தது. அத்தனை துருவும் தழும்பும் அதற்குள் புதைந்து போயிருந்தன. ஓட்டுநர் முகத்தில் கண் மூக்கு இருக்கிறதா என்றே தெரியவில்லை.

"அய்யோ, இதுக்கு என்ன வியாதி?" என்றாள் பட்டாசு.

நிதானம் ஸ்பிரே டப்பாவைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் மழை மேகத்தின் படம், அதன் மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி. "பளபளப்பை அடக்கறதுக்குக் கடைசியா அடிக்கற வார்னிஷ். ஈரக்காத்துல அடிச்சா இப்படிப் பூத்து வெளுத்துடும்."

பட்டாசு ஒரு கணம் நின்றாள். பிறகு வெடித்தாள். "சார், மழை பெஞ்சது ஒரே ஒரு சாயங்காலம்! அப்ப இதை அடிச்சதும் அன்னிக்குத்தான். பசை விழுந்த நேரத்துல பிரஷ் இங்க நின்னு வார்னிஷ் அடிச்சுக்கிட்டு இருந்திருக்காரு. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு! கிளம்புங்க அக்கா, உங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வரலாம்!"

"ஆமா," என்று மனைவி அந்த வார்த்தையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "ஆமா சார், அவருதான் அடிச்சாரு. நான் பார்த்தேன். கெட்டுப்போச்சேன்னு வெக்கத்துல வெளிய சொல்லல."

நிதானம் விளக்கு விளிம்பிலிருந்து அந்தச் சாய்சதுர டேப்பை உரித்தார். தலையின் முன் ஜன்னலில் வைத்தார். அச்சு மாறாமல் பொருந்தியது. முக்கோணம் இரண்டும் பக்கத்து ஜன்னல்களுக்கு. பிறை மேல் ஜன்னலுக்கு.

"கண்ணாடி பளபளன்னு இருக்கணும். அதனால அதை மூடிட்டுத்தான் வார்னிஷ் அடிப்பாங்க. அதுக்குன்னு உட்கார்ந்து இதை அளவா வெட்டி வச்சிருக்காரு. வெட்டி வச்ச ஆளே ஒண்ணைக்கூட ஒட்டாம அடிச்சாரா? இது என்ன துண்டுன்னு தெரியாத ஒருத்தர்தான் அடிச்சிருக்கணும்." அவர் குரல் உயரவே இல்லை. "நீங்கதானே அம்மா?"

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகைக்கு நடுவில் வந்ததைக் கோத்தால் இதுதான் கதை. முந்தின நாள் புருஷன் பெண்டாட்டிக்குச் சண்டை. லீவு நாளெல்லாம் இந்த இரும்பு மூஞ்சியைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்களே என்று ஆரம்பித்து, "ஒருநாள் இல்ல ஒருநாள் இதைத் தூக்கி மாடிப்படியில உருட்டிவிடப் போறேன், பாருங்க" என்று முடித்திருக்கிறாள். அவன் மறுபேச்சுப் பேசாமல் படுத்துவிட்டான். மறுநாள் மத்தியானம், ராட்சசனின் பெயர்த்தகடு வெட்டக் கொடுத்திருந்த கடைக்குக் கிளம்பிப் போனான். மழை வரும்போல இருக்கிறது, வார்னிஷை ராத்திரி பார்த்துக்கொள்ளலாம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டது அவள் காதில் விழுந்தது.

"பாவம், வந்து எப்ப முடிப்பாரு, நாமளே அடிச்சு வச்சுட்டா சந்தோஷப்படுவாருன்னு… சண்டை போட்டுட்டேனேன்னு மனசு கேக்கல சார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காப் போச்சு. அடிக்க அடிக்க வெளுக்குது. இன்னும் அடிச்சா சரியாகுமோன்னு டப்பாவையே காலி பண்ணிட்டேன். மழை விடற வரைக்கும் இதைத் துடைச்சுத் துடைச்சு அழுதுக்கிட்டே உட்கார்ந்திருந்தேன்."

"அப்ப அவரு வீட்ல இல்ல," என்றாள் பட்டாசு மெதுவாக. தன் வாயாலேயே ஓர் ஆளை விடுதலை செய்து, தன் கண்ணெதிரிலேயே திரும்ப உள்ளே தள்ளிவிட்டது போல இருந்தது அவளுக்கு. "சார், இருந்த ஒரே கயிறையும் அறுத்துட்டீங்களே!"

"உங்க பூப்போட்ட குடை எங்கம்மா?" என்றார் நிதானம், அவள் சொன்னது காதிலேயே விழாதவர்போல.

"குடையா? அண்ணன்… பசை அண்ணன் அன்னிக்கு வந்து மேல்பாதியை எடுத்துட்டுப் போனாரு. தூறல் ஆரம்பிச்சுச்சு. நனைஞ்சுடப் போகுதேன்னு நான்தான் கொடுத்தேன். அவரு நனைஞ்சுக்கிட்டே, அதுக்குக் குடை பிடிச்சுக்கிட்டுப் போனாரு."

பட்டாசின் வாய் திறந்தபடியே நின்றது. பூப்போட்ட குடை. பிரஷ் மழையில் நனைந்துகொண்டு ஹாலுக்கு வருகிறான். படிக்கட்டின் அடியில் ராட்சசன் உடைந்து கிடக்கிறான், சிநேகிதன் ரத்தத்தில் கிடக்கிறான், பக்கத்தில் பெண்டாட்டியின் குடை. முந்தின நாள்தான் அவள் மாடிப்படியில் உருட்டிவிடுவேன் என்று சொல்லியிருக்கிறாள்.

"மூணாவது காரணம்," என்றாள் அவள். "அது அவரு குடை இல்ல."

"தலையைப் பாத்திரத்தோட எடுத்துக்கோ," என்று நிதானம் எழுந்தார். "அம்மா, நீங்களும் வாங்க. நீங்க வீட்ல இருந்தேன்னு வாயால சொன்னா அவரு நம்ப மாட்டாரு. இதைப் பார்த்தா நம்புவாரு."

*

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் சூடாக எதையோ குடித்துக்கொண்டிருந்தார். நிதானம் சொல்லியனுப்பியபடி ராட்சசனின் கால்களையும் உடைந்த மேல்பாதியையும் வாட்ச்மேன் கொண்டு வந்து மேசை மேல் வைத்ததைக் கண்டு அவர் முகம் சுருங்கியது.

"என்னய்யா இது, பொம்மைக் கடையா? அவன்தான் ஒத்துக்கிட்டானே!"

"ஒரு தலையை அடையாளம் காட்டச் சொல்லணும் சார்," என்றாள் பட்டாசு. "பயப்படாதீங்க, உங்களுது இல்ல."

பிரஷ்ஷைக் கூட்டி வந்தார்கள். தாடி முளைத்து, கண் குழிவிழுந்து, பத்து வயது கூடினவன்போல் இருந்தான். மனைவியைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டான்.

"இவளை எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க? இவளுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. நான்தான் தள்ளினேன். எத்தனை தடவை சொல்றது?"

நிதானம் பாத்திரத்திலிருந்து தலையை எடுத்து அவன் கையில் வைத்தார்.

அவன் பார்த்தான். முதலில் அவன் முகத்தில் வந்தது துக்கம் இல்லை, கோபம். லாக்கப்பில் இருக்கிறோம் என்கிற நினைப்பே போய்விட்டது. "எவன் இதைப் பண்ணது? கண்ணாடியை மூடாம அடிச்சிருக்கான்! அதுவும் மழையில…"

அந்த வார்த்தையில் நின்றுவிட்டான். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடுக்கடுக்காக ஏறியிருந்த படலத்தை நகத்தால் தொட்டான். பிறகு மனைவியைப் பார்த்தான்.

"நீயா அடிச்ச?"

அவள் தலையசைத்தாள்.

"மழை பெய்யும்போது நீ வீட்லயா இருந்த?"

"பின்ன எங்க இருந்தேன்?"

"உன் குடை அங்க கெடந்துச்சே!"

"அண்ணன்கிட்ட நான்தான் கொடுத்தேன், அந்தச் சனியன் நனையக் கூடாதுன்னு!" சொல்லிவிட்டுத்தான் அவளுக்கு உறைத்தது. குரல் அடங்கிப்போனது. "என்னையா நெனச்சீங்க? அண்ணனை நான் தள்ளியிருப்பேன்னா நெனச்சீங்க?"

வெளுத்த தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். அவளும் அழுதாள், ஆனால் அவன் பக்கத்தில் போகவில்லை. உனக்காக ஜெயிலுக்கே போகிறேன் என்று புருஷன் சொன்னால் சந்தோஷப்படலாம். அதற்கு முன்னால் நீ கொலைகாரி என்று அவன் முடிவு கட்டியிருக்கிறானே, அதை எங்கே கொண்டு போய்க் கொட்டுவது?

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "அழுகையெல்லாம் சரி. இவளும் தள்ளல, இவனும் தள்ளலன்னா, அந்த ஆளை யாருதான் தள்ளினது? ராட்சசனா?"

"கொஞ்சம் இப்படி நகர்ந்து உட்காருங்க," என்றார் நிதானம்.

கால்களை மேசை விளிம்போரம், ஹாலில் நின்ற மாதிரியே நிறுத்தினார். மேல்பாதியை இரண்டு கையாலும் தூக்கி, இடுப்புக்கு நேராக மெல்ல இறக்கி, கையை விட்டார்.

டக் என்ற சத்தம் வரவில்லை. மேல்பாதி உட்காரவே இல்லை. உயிர் வந்ததுபோல் ஒரு துள்ளுத் துள்ளி, பக்கவாட்டில் சறுக்கி, விளிம்பைத் தாண்டிப் பாய்ந்தது.

"ஏய் ஏய் ஏய்!" என்று இன்ஸ்பெக்டர் நாற்காலியை உதறிக்கொண்டு தாவினார். குடித்துக்கொண்டிருந்தது சட்டையில் கொட்டியது, தொப்பி ஒரு பக்கம் போனது, மனிதர் குப்புற விழுந்தார். ஆனால் பொம்மையைத் தரையில் படாமல் பிடித்துவிட்டார்.

நிதானம் குனிந்து கை கொடுத்தார்.

"இப்ப உங்களை யாரு சார் தள்ளினது?"

இன்ஸ்பெக்டர் தரையில் உட்கார்ந்தபடியே கையிலிருந்ததைப் பார்த்தார். பிறகு மேசை மேல் அலுங்காமல் நிற்கிற கால்களைப் பார்த்தார்.

"ஹால்ல அந்த இடத்துல படிக்கட்டு," என்றார் முனகலாக.

"ஆமா. சிநேகிதன் மாசக்கணக்கா பூசினது விழுதுன்னா எவனும் யோசிக்க மாட்டான், தாவத்தான் செய்வான். இடுப்புல இருக்கற ரெண்டு காந்தமும் ஒண்ணையொண்ணு இழுக்கணும். இது தள்ளுது. ஒண்ணைத் தலைகீழா ஒட்டியிருக்கு."

"அப்ப அந்த பசையே பண்ண தப்பா?"

நிதானம் கால்களின் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். பட்டாசு அவரைக் கூர்ந்து பார்த்தாள். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று அவர் நினைப்பது அவளுக்குத் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அவர் தயங்கி அவள் பார்த்தது குறைவு.

"பசை ஒவ்வொரு காந்தத்துக்கும் எது வெளிப்பக்கம்னு தெரியறதுக்காக ஒரு சிவப்புப் புள்ளி வைப்பாரு," என்றார் கடைசியில். "கையில இருக்கு, தோள்ல இருக்கு, மேல்பாதியில இருக்கு. இந்தக் கால்ல இருக்கற காந்தத்துல மட்டும் இல்ல. புள்ளி அடியில போயிடுச்சு. இதைக் கடைசியா ஒட்டினது பசை இல்ல."

பிரஷ்ஷின் அழுகை நின்றிருந்தது. அவன் ராட்சசனின் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் கேட்கவில்லை. அவனாகவே பேசினான்.

"கால் காந்தத்து மேல இருந்த டேப்பை உரிச்சேன். அதோட சேர்ந்து காந்தமும் கையில வந்துடுச்சு. அவனைக் கூப்பிட்டிருக்கணும். அது அவன் வேலை. இந்தச் சின்ன விஷயத்துக்கு அவனை எதுக்கு அலைய வைக்கணும்னு நானே ஒரு சொட்டு வச்சு ஒட்டிட்டேன். மேல்பாதியில ஈரம் காயல, அதனால வச்சுப் பார்க்கல. அந்தக் கால்களை அவன்கிட்ட கொடுத்தப்பவும் சொல்லல. மறந்தே போயிட்டேன்." அவன் தன் விரல்களை விரித்துப் பார்த்தான். "நான்தான்."

பிடிபட்டதிலிருந்து அவன் சொல்லிக்கொண்டிருந்த அதே வார்த்தை. இத்தனை நாளும் அதைச் சொல்லும்போது அவன் தலை நிமிர்ந்திருந்தது. இப்போது கேட்கவே முடியாத குரலில் வந்தது.

இன்ஸ்பெக்டர் எழுந்து சட்டையைத் துடைத்துக்கொண்டார். "இது குத்தம் இல்லய்யா. தப்பு. தப்புக்கெல்லாம் எங்ககிட்ட செக்‌ஷன் கிடையாது. வீட்டுக்குப் போ." ஏட்டு கொண்டு வந்து வைத்த பையிலிருந்து பூப்போட்ட குடையை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"அவன் பொழைச்சுக்குவானா?" என்று பிரஷ் கேட்டான். யாரிடம் கேட்டான் என்று தெரியவில்லை.

அவன் மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டு குடையை எடுத்தாள். "வீட்டுக்கு இல்ல," என்றாள். "ஆஸ்பத்திரிக்கு. அண்ணன் கண்ணைத் திறந்தா இதை நீங்கதான் சொல்லணும். திறக்கலன்னாலும் அவரு காதுல சொல்லணும்."

அவள் முன்னால் போனாள். வெளியே வெயில் கண்ணைக் கூச வைத்தது. வாசல் படியில் குடையை விரித்துக்கொண்டு நடக்கத் தொடங்கியவள், தெருவில் இறங்கியதும் நின்றாள். அவன் படியிலேயே, வெயிலில், எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தான். பட்டாசு வெளுத்த தலையைப் பாத்திரத்தோடு அணைத்துக்கொண்டு பின்னாலிருந்து பார்த்தாள்.

மனைவி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. குடையை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தாள்.

"உள்ள வாங்க," என்றாள். "பஸ் போயிடும்."